நடந்தே வாழக்கூடிய புறநகர்க் குடியிருப்பு: பூங்காவும் ஒற்றையடிப் பாதையும் சேர்த்துத் திட்டமிடும் முறை

ஒரு மனைப்பிரிவு வரைபடத்தில் பூங்கா எங்கே இருக்கிறது என்று பார்த்தாலே, அது எந்த வரிசையில் வரையப்பட்டது என்று தெரிந்துவிடும். மூலையில், முக்கோணமாக, மின்மாற்றிக்குப் பக்கத்தில் பச்சை வண்ணம் அடித்திருக்கிறதா? சாலையை முதலில் போட்டு, மனைகளை அடுக்கி, எதிலும் அடங்காத மிச்சத் துண்டுக்குப் பூங்கா என்று பெயர் எழுதியிருக்கிறார்கள். நடைபாதையின் கதியும் இதுதான். சாலை, வடிகால், மின்கம்பம் எல்லாம் இடம் பிடித்தபின் எஞ்சியதுதான் அதற்கு.

மக்கள் நடந்தே புழங்கும் குடியிருப்பு வேண்டுமானால் இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். முதலில் தண்ணீர், அடுத்து மரம், மூன்றாவது காலடிப் பாதை, நான்காவது வண்டிச் சாலை, கடைசியில்தான் மனை. இந்த வழிகாட்டியும் அதே வரிசையில் போகிறது. கணக்குப் போட வசதியாக 20 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 50 ஏக்கர், சதுர நிலம் ஒன்றை வைத்துக்கொள்வோம். ஒரு பக்கம் 447 மீட்டர் வரும். நடுவே ஒரு சிற்றோடை ஓடுகிறது, ஓர் ஓரத்தில் மேடு.

முதல் வேலை: மழையில் நிலத்தைப் பார்ப்பது

சர்வேயரிடம் அரை மீட்டர் உயர இடைவெளியில் சமஉயரக் கோடுகள் (ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) போட்ட வரைபடம் கேளுங்கள். இரண்டு மீட்டர் இடைவெளி வரைபடம் மலிவாகக் கிடைக்கும். ஆனால் தட்டையான நிலத்தில் அதில் ஒன்றுமே தெரியாது, தண்ணீர் தேங்கும் பள்ளமெல்லாம் இரண்டு கோடுகளுக்கு நடுவே மறைந்துபோகும்.

வரைபடம் கையில் வந்ததும் கனமழை பெய்யும் நாளில் குடை பிடித்துக்கொண்டு நிலத்தைச் சுற்றி வாருங்கள். தண்ணீர் எங்கே நுழைகிறது, எங்கே நிற்கிறது, எங்கே வெளியேறுகிறது என்ற மூன்றையும் குறியுங்கள். மழைக்காலம் தப்பிவிட்டால் நிலமே சாட்சி சொல்லும். கோரை முளைத்த இடத்தில் தண்ணீர் நிற்கும். ஓடையோரப் புதர்களில் சிக்கிக் கிடக்கும் சருகும் குப்பையும் வெள்ளம் எந்த உயரம் வரை வந்தது என்பதைக் காட்டும். பக்கத்து நிலத்திலிருந்து வரும் தண்ணீரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். உங்கள் எல்லையில் சுவர் எழுப்பினால் அது நின்றுவிடாது, சுவரைச் சுற்றிக்கொண்டு யாராவது ஒருவர் வீட்டுக்குள் போகும்.

அடுத்து மண் எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்று பார்ப்பது. 30 செ.மீ. அகலம், 40 செ.மீ. ஆழத்தில் குழி தோண்டி நிரப்புங்கள். அது முழுக்க வடிந்தபின் மறுபடி நிரப்புங்கள், ஏனென்றால் காய்ந்த மண்ணின் முதல் உறிஞ்சல் நம்பத் தகுந்தது அல்ல. குழிக்குள் அளவுகோலை நட்டு, மணிக்கு எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்று எழுதி வையுங்கள். 13 மி.மீ.க்கு மேல் என்றால் மழைநீரை மண்ணிலேயே இறக்கலாம். அதற்குக் குறைவாக இருந்தால் அடியில் துளையிட்ட குழாய் வைத்து மீதியை ஓடைக்கு விட வேண்டியிருக்கும். இந்தச் சோதனையை ஒரே இடத்தில் செய்துவிட்டு முடித்துக்கொள்ளாதீர்கள். மேட்டில் ஒன்று, பள்ளத்தில் ஒன்று, நடுவில் இரண்டு என்று குறைந்தது நான்கு குழிகளாவது தோண்டுங்கள்.

இப்போது கணக்கு. ஒரு ஹெக்டேர் கூரையும் சாலையும் 25 மி.மீ. மழையில் 250 கன மீட்டர் தண்ணீரைத் தள்ளும். 20 செ.மீ. ஆழமுள்ள மழைத்தோட்டங்களில், அதாவது மழைநீர் நின்று மண்ணில் இறங்கும்படி செடி நட்ட பள்ளங்களில், இதைப் பிடிக்க 1,250 சதுர மீட்டர் வேண்டும். மணிக்கு 13 மி.மீ. உறிஞ்சும் மண்ணில் அந்த 20 செ.மீ. தண்ணீர் ஏறக்குறைய 15 மணி நேரத்தில் வடிந்துவிடும். கொசு முட்டையிட்டுப் பறக்கும் பருவத்தை எட்ட ஒரு வாரமாவது ஆகும், எனவே 48 மணி நேரத்துக்குள் காலியாகும் பள்ளத்தால் கொசுத் தொல்லை வராது. மூன்று நாளாகியும் தண்ணீர் நிற்கிறதென்றால் மண் இறுகியிருக்கிறது. பெரும்பாலும் கட்டுமானத்தின்போது லாரி ஏறி இறங்கிய இடமாக இருக்கும்.

ஓடையின் இரு கரையிலும் 30 மீட்டர் தொடாமல் விடுங்கள். நம் மாதிரி நிலத்தில் ஓடையும் சேர்த்து ஏறக்குறைய 3 ஹெக்டேர் இதற்குப் போகும். விற்பனைக் கணக்குப் பார்ப்பவர்கள் முதலில் பதறும் இடம் இதுதான். ஆனால் இந்த 3 ஹெக்டேர்தான் வெள்ள வடிகால், நிழல், ஒற்றையடிப் பாதை மூன்றுக்கும் இடம். ஓடையைக் குழாய்க்குள் அடைத்து அதன் மேல் மனை போட்டால் அந்த மூன்றையும் தனித்தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டி வரும்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில், டேவிஸ் நகரில் 1970களில் கட்டப்பட்ட வில்லேஜ் ஹோம்ஸ் குடியிருப்பை இதற்குப் பார்க்கலாம். மழைநீரைக் குழாயில் தள்ளாமல், வீடுகளின் நடுவே புல்லும் செடியும் வளர்ந்த ஆழமில்லாத வாய்க்கால்களில் ஓடவிட்டார்கள். வாய்க்காலின் கரையே பொதுத் தோட்டம், அதன் ஓரமே நடைபாதை. சாலைகள் குறுகலானவை. தண்ணீருக்கும் காலுக்கும் ஒரே இடத்தைக் கொடுத்ததுதான் அங்கே கற்க வேண்டிய உத்தி.

இத்தகைய வாய்க்காலின் நீளவாட்டுச் சரிவு 1 முதல் 4 சதவீதம் வரை இருக்கட்டும். அதற்குக் குறைந்தால் தண்ணீர் தேங்கும், கூடினால் மண்ணை அரிக்கும். பக்கச் சரிவு 1 அடி உயரத்துக்கு 3 அடி அகலமாவது வேண்டும். செங்குத்தாக வெட்டினால் குழந்தை விழுந்தால் ஏற முடியாது, புல் வெட்டவும் முடியாது.

இயந்திரம் வருமுன் மரத்துக்கு வேலி

நெஞ்சு உயரத்தில் அடிமரத்தின் விட்டத்தை அளந்து 12 ஆல் பெருக்குங்கள். அந்த ஆரத்தில் உள்ள மண் முழுவதும் மரத்துக்குச் சொந்தம். 50 செ.மீ. விட்டமுள்ள மரத்துக்கு 6 மீட்டர் ஆரம், அதாவது 12 மீட்டர் அகல வட்டம். பொக்லைன் நிலத்துக்குள் நுழையும் முன்பே இந்த வட்டத்தைச் சுற்றி நிஜமான வேலி போட வேண்டும். ரிப்பன் கட்டினால் போதாது, ரிப்பனை யாரும் மதிப்பதில்லை.

மரத்தை வெட்டாமல் விட்டோம் என்று நினைத்துக்கொண்டே கொல்வதுதான் வழக்கமாக நடப்பது. வேர்ப்பரப்பின் மேல் ஜல்லி கொட்டுவது, சிமெண்ட் கலவை கழுவிய தண்ணீரை ஊற்றுவது, தரையை உயர்த்த 30 செ.மீ. மண் நிரப்புவது எல்லாம் வேரை மூச்சு முட்ட வைக்கும். மரம் உடனே சாகாது. இரண்டு மூன்று ஆண்டு கழித்து உச்சிக் கிளை காயத் தொடங்கும்போது ஒப்பந்தக்காரர் கணக்கு முடித்துப் போயிருப்பார்.

புதிதாக நடுவதற்கு 3-30-300 என்ற அளவுகோலை வைத்துக்கொள்ளலாம். நகர்ப்புறக் காடுகள் பற்றிய ஆய்வாளர் செசில் கோனைனென்டைக் முன்வைத்தது இது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் 3 மரமாவது கண்ணில் பட வேண்டும், குடியிருப்புப் பரப்பில் 30 சதவீதம் மர நிழல் வேண்டும், 300 மீட்டருக்குள் பூங்கா வேண்டும். முதல் எண்ணும் மூன்றாவதும் வரைபடத்திலேயே சரிபார்க்கக்கூடியவை. நடுவில் உள்ள 30தான் கடினம், அதற்குக் கன்று வளர்ந்து விரியும் அகலத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். நடைபாதையில் மரம் வைத்தால் 8 முதல் 10 மீட்டர் இடைவெளி கொடுங்கள். ஒரு மீட்டர் சதுரக் குழியில் பெரிய மரம் வராது. அங்கே நட்டால் வேர் மண்ணைத் தேடி நடைபாதைக் கல்லைத் தூக்கும், பழி மரத்தின் மேல் விழும். தனித்தனிக் குழிகளைவிட நீளமான ஒரே பள்ளமாக வெட்டிப் பல மரங்கள் மண்ணைப் பகிர்ந்துகொள்ளும்படி விடுவது நல்லது.

நிலக்கணக்கு

தண்ணீரும் மரமும் குறித்தாயிற்று. மீதியைப் பங்கிட ஒரு தொடக்கக் கணக்கு:

- ஓடையும் கரையும்: 3 ஹெக்டேர்
- பூங்கா, விளையாட்டுத் திடல்: 2 ஹெக்டேர்
- தெரு, நடைபாதை: 5 ஹெக்டேர்
- பள்ளி, கடை, பொதுக் கட்டடம்: 1.5 ஹெக்டேர்
- வீட்டு மனை: 8.5 ஹெக்டேர்

8.5 ஹெக்டேரில் ஹெக்டேருக்கு 60 வீடு வைத்தால் 510 வீடு வரும். தனி வீடு, வரிசை வீடு, மூன்று நான்கு மாடிக் கட்டடம் என்று கலந்து வைத்தால் இது நெரிசலாகத் தெரியாது. எல்லாமே பெரிய தனி மனை என்று போனால் வீட்டு எண்ணிக்கை பாதிக்கும் கீழே போகும், கடை பிழைக்காது, பேருந்து வராது, நடந்து போக ஒரு இடமும் இருக்காது. பூங்கா எத்தனை அழகாக இருந்தாலும் பால் வாங்க வண்டி எடுக்க வேண்டிய ஊரை நடக்கும் ஊர் என்று சொல்ல முடியாது.

கடையை எங்கே வைப்பது? நடு மையத்தில் வைக்கத்தான் கை போகும். 1929இல் 'அண்டை அலகு' என்ற திட்டத்தை வெளியிட்ட கிளாரன்ஸ் பெர்ரி பள்ளியை நடுவில் வைத்தார், கடைகளை ஓரத்தில் பெருஞ்சாலைச் சந்திப்பில் வைத்தார். அதில் ஒரு நியாயம் இருக்கிறது. 500 வீட்டை மட்டும் நம்பி ஒரு கடைத்தெரு பிழைப்பது கடினம், சாலையில் போகிறவர்களும் வாங்க வேண்டும். ஆகவே கடையைப் பேருந்து நிறுத்தத்தோடு சேர்த்து நுழைவாயில் பக்கம் வையுங்கள். பள்ளிக்கும் விளையாட்டுத் திடலுக்கும் நடு இடம் கொடுங்கள்.

காலடிப் பாதை: நூலைப் பிடித்து அளப்பது

மனிதர் நிமிடத்துக்குச் சுமார் 80 மீட்டர் நடப்பார். 5 நிமிடத்தில் 400 மீட்டர். நம் நிலத்தின் மையத்திலிருந்து மூலைக்கு நேர்கோட்டில் 316 மீட்டர்தான். தெருக்கள் கட்டம் கட்டமாக இருந்தால் அதே மூலைக்கு நடக்கும் தூரம் 447 மீட்டர், ஐந்தரை நிமிடம் ஆகும். ஆக 20 ஹெக்டேர் நிலத்தில் எல்லோரும் ஆறு நிமிடத்துக்குள் பள்ளிக்குப் போய்விடலாம். ஆனால் முட்டுச்சந்துகளை வைத்து வரைந்தால் இதே தூரம் 900 மீட்டரைத் தொடுவது சாதாரணம். பின்சுவருக்கு அந்தப் பக்கம் பள்ளி மணி கேட்கும், குழந்தையோ ஊரைச் சுற்றிப் போகும்.

வரைபடத்தில் வட்டம் போட்டு '400 மீட்டருக்குள் பூங்கா' என்று காட்டுவார்கள். அந்த வட்டத்தை நம்பாதீர்கள். ஒரு நூலை எடுத்து, வீட்டு வாசலிலிருந்து பாதை வழியாகவே பூங்கா வாயில் வரை வைத்து அளங்கள். நூலின் நீளத்தை நேர்கோட்டு நீளத்தால் வகுங்கள். 1.2 முதல் 1.4 வரை வந்தால் நன்று. 1.5ஐத் தாண்டினால் அங்கே குறுக்கு வழி ஒன்று குறைகிறது. எல்லா வீட்டுக்கும் செய்ய வேண்டாம். மூலைகளில் உள்ள பத்து வீடுகளையும், மேட்டில் உள்ள ஐந்து வீடுகளையும் எடுத்துச் செய்தால் போதும், தவறு அங்கேதான் இருக்கும்.

குறுக்கு வழி போடும் விதிகள் எளியவை. தெருவின் ஒரு துண்டு 80 முதல் 120 மீட்டருக்கு மேல் நீளக் கூடாது. நீண்டால் நடுவே நடப்பவருக்கு மட்டும் ஒரு சந்து வெட்டுங்கள். வண்டிக்கு முட்டுச்சந்தாக இருப்பது தவறில்லை, காலுக்கு முட்டக் கூடாது. சந்தின் அகலம் 4 மீட்டராவது இருக்கட்டும், நீளம் 40 மீட்டருக்குள் அடங்கட்டும், ஒரு முனையில் நின்றால் மறுமுனை தெரியட்டும். இரண்டு உயரமான சுவருக்கு இடையே ஒன்றரை மீட்டரில் வளைந்து போகும் சந்தில் இருட்டிய பின் யாரும் கால் வைக்க மாட்டார்கள். ஒரு வருடத்தில் குப்பை கொட்டும் இடமாகி, பிறகு குடியிருப்போரே மனு கொடுத்து அடைக்கச் சொல்வார்கள்.

நெதர்லாந்தில் உட்ரெக்ட் நகருக்கு அருகிலுள்ள ஹவுட்டன் இந்தத் தத்துவத்தை ஊர் முழுக்கச் செய்து பார்த்தது. ஊரைச் சுற்றி ஒரு வட்டச் சாலை போட்டார்கள். காரில் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்குப் போக அந்த வட்டச் சாலைக்கு வெளியேறித்தான் வர வேண்டும். சைக்கிளும் காலும் ஊருக்கு நடுவே நேராகப் போகலாம். அருகில் போக வண்டி எடுப்பதைவிட நடப்பது விரைவு என்று ஆகிவிட்டால் பிரசாரம் தேவைப்படாது.

நடைபாதையின் தெளிவான அகலம், அதாவது கம்பம், மரக்குழி, பெட்டி எல்லாம் போக எஞ்சுவது, 1.8 மீட்டர். இரண்டு சக்கர நாற்காலி எதிரெதிரே கடக்க இந்த அகலம் வேண்டும். கடைப் பக்கம் 3 மீட்டர் கொடுங்கள். குறுக்குச் சரிவு 2 சதவீதத்துக்கு மேல் போனால் சக்கர நாற்காலி சாலைப் பக்கம் இழுக்கும். தெருவில் இறங்கும் சாய்தளம் 1க்கு 12, அதாவது 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம். அதைவிடச் செங்குத்தாக வைத்தால் வரைபடத்தில் மட்டும்தான் அது சாய்தளம்.

வண்டிச் சாலை: ஒரு மூலையை உற்றுப் பாருங்கள்

வாகனமும் மனிதரும் கலந்து புழங்கும் தெருக்களில் மணிக்கு 30 கிலோமீட்டரே உச்சம் என்று சாலைப் பாதுகாப்பு பற்றிய 2020 ஸ்டாக்ஹோம் பிரகடனம் சொல்கிறது. பலகை வைத்து இதைக் கொண்டுவர முடியாது. சாலை அகலமாகவும் நேராகவும் இருந்தால் ஓட்டுநரின் கால் தானாக அழுத்தும். இரு திசைக்கும் சேர்த்து 5.5 முதல் 6 மீட்டர் அகலம் குடியிருப்புத் தெருவுக்குப் போதும். தீயணைப்பு வண்டிக்கு எவ்வளவு அகலம் கேட்கிறார்கள் என்று உள்ளூர்த் துறையிடம் முதலிலேயே எழுத்தில் வாங்கிவிடுங்கள், கடைசியில் வந்தால் முழு வரைபடமும் மாறும்.

வேகத்தை உண்மையில் தீர்மானிப்பது மூலை. 6 மீட்டர் அகலத் தெரு, அதைச் சந்திக்கும் தெருவின் ஓரக் கரைக்கல்லிலிருந்து 2 மீட்டர் உள்ளே தள்ளி மக்கள் கடக்கும் இடம் என்று வைப்போம். மூலையின் வளைவு ஆரம் 9 மீட்டராக இருந்தால், அந்த இடத்தில் தெரு இரு பக்கமும் 3.3 மீட்டர் விரிந்து, கடக்க வேண்டிய தூரம் 12.7 மீட்டராகிவிடும். ஆரத்தை 3 மீட்டராகக் குறைத்தால் அதே இடத்தில் 6.3 மீட்டர் கடந்தால் போதும். வினாடிக்கு ஒரு மீட்டர் நடக்கும் முதியவருக்கு 13 வினாடி ஆறாகக் குறைகிறது. அதோடு வளைவு இறுக்கமாக இருப்பதால் வண்டியும் மெதுவாகத்தான் திரும்பும். பொறியாளர் பழக்கத்தில் 9 போடுவார், குப்பை லாரி திரும்ப வேண்டுமே என்பார். நாளொன்றுக்கு ஒரு முறை வரும் லாரி எதிர்த் தடத்தைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு திரும்பட்டும். நாள் முழுக்க அங்கே கடப்பது மனிதர்கள்.

பள்ளி, பூங்கா வாயில்களில் சாலையையே நடைபாதை உயரத்துக்குத் தூக்கிவிடுங்கள். நடப்பவர் இறங்கி ஏற வேண்டாம், வண்டிதான் ஏறி இறங்க வேண்டும். ஆனால் தூக்கிய இடத்துக்கு மேல்புறம் தண்ணீர் வடிய வாய் வைக்க மறந்தால் ஒவ்வொரு மழைக்கும் அங்கே குளம் நிற்கும்.

பூங்கா

2 ஹெக்டேரை ஒரே பூங்காவாக வைப்பதா, சிதறி வைப்பதா? இரண்டும் வேண்டும். ஒரு ஹெக்டேருக்குச் சற்றுக் கூடுதலாக ஒரு பெரிய திடல் ஓடையை ஒட்டி இருக்கட்டும், பந்து ஓடவும் கூட்டம் கூடவும் அது உதவும். மீதியை 1,500 முதல் 2,500 சதுர மீட்டர் வரையுள்ள நான்கு சிறு பூங்காக்களாகப் பிரித்து ஓடையிலிருந்து தள்ளியுள்ள வீடுகளுக்குக் கொடுங்கள். சிறு குழந்தையும் முழங்கால் வலிக்காரரும் 300 மீட்டரே போக மாட்டார்கள், அவர்களுக்கு 150 மீட்டருக்குள் ஒரு நிழலும் ஒரு பெஞ்சும் வேண்டும்.

பூங்காவைச் சுற்றி வீடுகளின் முகப்பு இருக்க வேண்டும், முதுகு இருக்கக் கூடாது. இதற்குப் பெரிய பாடம் அமெரிக்காவின் நியூஜெர்சியில் 1929இல் தொடங்கிய ரேட்பர்ன். கிளாரன்ஸ் ஸ்டெய்னும் ஹென்றி ரைட்டும் நடப்பவரையும் வண்டியையும் முழுக்கப் பிரித்து, வீட்டின் ஒரு பக்கம் வண்டி வரும் முட்டுச்சந்தும், மறுபக்கம் பசுமை நடைபாதையும் வைத்தார்கள். ரேட்பர்ன் நன்றாகவே இயங்கியது. பின்னர் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் பொதுக் குடியிருப்புகளில் அதைப் பார்த்துச் செய்தபோது பல இடங்களில் நடைபாதைப் பக்கம் உயரமான வேலிகள் எழுந்தன. கண் படாத பசுமைப் பாதை பயம் தரும் பாதையாக மாறியது, சில இடங்களில் வீட்டின் வாசலையே திருப்பி அமைக்க வேண்டி வந்தது. ஆகவே பூங்காவையும் பாதையையும் பார்த்த பக்கம் மதில் ஒரு மீட்டருக்கு மேல் போகக் கூடாது, அதற்கு மேல் வேண்டுமானால் பார்வை ஊடுருவும் கம்பி வேலி. இதை மனை விற்பனைப் பத்திரத்திலேயே எழுதிவிட வேண்டும். பின்னால் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள்.

பெஞ்சு 100 மீட்டருக்கு ஒன்று. உட்காரும் உயரம் 45 செ.மீ., முதுகும் கைப்பிடியும் கட்டாயம். கைப்பிடி இல்லாத தாழ்ந்த கல் திண்டில் உட்கார்ந்த முதியவர் எழுந்திருக்க ஆள் தேடுவார். மதியம் மூன்று மணிக்கு நிழல் எங்கே விழும் என்று பார்த்துப் பெஞ்சைப் பதியுங்கள், காலையில் பார்த்துப் பதித்தால் பயன்படும் நேரத்தில் வெயிலில் கிடக்கும்.

ஒற்றையடிப் பாதை

மற்ற எல்லாவற்றையும் விட அதிகம் கெடுவதும், கெட்டால் திருத்தக் கடினமானதும் இதுதான். காரணம் எப்போதும் ஒன்று: தண்ணீர் பாதையையே வாய்க்காலாக எடுத்துக்கொள்கிறது.

மேட்டின் சரிவு நேரே இறங்கும் திசையில் பாதை போடவே கூடாது. பக்கவாட்டில் சரிவைக் குறுக்காக வெட்டிப் போக வேண்டும். இதற்கு அரைவாசி விதி ஒன்று உண்டு. மேட்டின் சரிவில் பாதிக்கு மேல் பாதையின் ஏற்றம் போகக் கூடாது. நம் மேடு 16 சதவீதச் சரிவு, உயரம் 12 மீட்டர் என்றால், நேராக ஏறினால் 75 மீட்டரில் உச்சி வந்துவிடும். அந்தப் பாதை முதல் மழைக்காலத்திலேயே ஓடையாகும். 8 சதவீத ஏற்றத்தில் குறுக்காகப் போனால் 150 மீட்டர் நீளும், தண்ணீர் பாதையைக் குறுக்கே கடந்து கீழே போய்விடும். சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் ஏற 5 சதவீதம் வேண்டும், அப்போது 240 மீட்டர். பின்னிரண்டில் எதுவென்று முடிவெடுக்கும் முன் மேட்டின் உச்சியில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். எல்லோரும் போக வேண்டிய இடம் என்றால் 240தான்.

பாதை முழுவதும் கீழ்ச் சரிவுப் பக்கம் 3 முதல் 5 சதவீதம் சாய்ந்திருக்கட்டும். சக்கர நாற்காலிப் பாதையில் மட்டும் 2 சதவீதம். ஏறிக்கொண்டே போகும் பாதையில் 10, 15 மீட்டருக்கு ஒருமுறை சில அடி தூரம் லேசாக இறங்கி மறுபடி ஏறும்படி வையுங்கள். அந்தத் தாழ்வில் தண்ணீர் வெளியேறிவிடும். நடப்பவருக்கு அது தெரியக்கூடத் தெரியாது. தரை தட்டையாக இருந்தால் எதிர்ப்பிரச்சினை, தண்ணீர் போக இடமில்லை. அங்கே பாதையைச் சுற்றியுள்ள தரையைவிட 10, 15 செ.மீ. உயர்த்துங்கள். சதுப்பான இடத்தில் மரப்பலகைப் பாலம் போடுங்கள், மண் கொட்டி மூட முயலாதீர்கள்.

மேல்தளத்துக்குக் கிரஷரில் உடைத்த கல்லும் தூசியும் கலந்த, 10 மி.மீ.க்கு உட்பட்ட பொடிக்கல் நல்லது. கூர்முனைகள் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும், தூசி இடைவெளியை அடைக்கும். ஆற்றுக் கூழாங்கல்லோ கழுவிய ஜல்லியோ வாங்கிவிடாதீர்கள், எத்தனை முறை ரோலர் ஓட்டினாலும் காலடியில் உருளும், சக்கரம் புதையும். 2 மீட்டர் அகலம், 10 செ.மீ. தடிமன், 100 மீட்டர் நீளத்துக்கு அழுத்திய பின் 20 கன மீட்டர் வேண்டும். அழுத்தும்போது சுருங்குவதால் 25 கன மீட்டர் வாங்குங்கள். மேல்மண்ணை எடுத்துவிட்டு, மண் குழைவாக இருந்தால் கல்லும் மண்ணும் கலக்காமல் தடுக்கும் ஜியோடெக்ஸ்டைல் துணி விரித்து, ஐந்து ஐந்து செ.மீ.யாக இரண்டு அடுக்கில் பரப்பி, ஒவ்வொரு அடுக்கையும் நனைத்து ரோலர் ஓட்டுங்கள். காய்ந்த பொடியின் மேல் ரோலர் ஓட்டுவது வீண் வேலை. 5 சதவீதத்துக்கு மேல் ஏற்றமுள்ள இடங்களில் இந்தப் பொடி அரித்துக்கொண்டு போகும். அங்கே வெறும் மண்ணையே நன்றாக இறுக்கியோ கல் பதித்தோ விடலாம்.

ஓடையோரப் பாதையைக் கரையிலிருந்து 10 மீட்டராவது தள்ளிப் போடுங்கள், இரண்டு மூன்று இடங்களில் மட்டும் தண்ணீர் வரை இறங்க வழி விடுங்கள். வழி விடாவிட்டால் சிறுவர்கள் பத்து இடத்தில் தாங்களே வழி போடுவார்கள், பத்து இடத்திலும் கரை சரியும்.

விளக்கு வேண்டுமா என்பது அடிக்கடி வரும் சச்சரவு. பள்ளிக்கும் கடைக்கும் போகும் பாதைக்கு விளக்கு கட்டாயம். 4, 5 மீட்டர் உயரக் கம்பம், 3,000 கெல்வினுக்கு (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) மேற்படாத மஞ்சள் ஒளி, கீழ்நோக்கி மூடிய விளக்கு. ஓடையோர ஒற்றையடிப் பாதைக்கு விளக்கு வேண்டாம், பூச்சியும் வௌவாலும் இருட்டை நம்பி வாழ்கின்றன. ஆனால் இருட்டான அந்தப் பாதையை விட்டால் வீட்டுக்குப் போக வேறு வழியே இல்லை என்ற நிலை யாருக்கும் வரக் கூடாது.

மனை கடைசியில், பூங்கா முதலில்

இப்போது மனைகளை வரையலாம். எஞ்சிய இடம் ஒழுங்கற்ற வடிவில் இருக்கும், சில மனைகள் கோணலாக வரும். பரவாயில்லை. ஓடையையும் மரத்தையும் ஒட்டிய கோணல் மனைகள்தான் பெரும்பாலும் முதலில் விற்கும்.

கட்டும்போது வரிசை மீண்டும் முக்கியம். மரவேலி, மண்ணரிப்புத் தடுப்பு, வாய்க்கால் பள்ளம், பெரிய பூங்கா, பள்ளிக்குப் போகும் முதன்மை நடைபாதை. இவை முதல் கட்டத்திலேயே முடிய வேண்டும். பூங்கா கடைசிக் கட்டம் என்று எழுதிய திட்டங்களில் பணம் தீர்ந்ததும் நின்றுபோவது பூங்காதான். மழைத்தோட்டத்தின் பள்ளத்தை மட்டும் முதலில் வெட்டுங்கள். அதன் நல்ல மண்ணும் செடியும் சுற்றுவட்ட வீட்டு வேலை முடிந்தபின் போகட்டும், இல்லாவிட்டால் சிமெண்ட் தூசியும் சேறும் வந்து முதல் வருடமே அடைத்துவிடும்.

புல்வெளியில் உள்பாதைகளை உடனே கல் பதிக்காதீர்கள். முதன்மைப் பாதைகளை மட்டும் போட்டுவிட்டு ஆறு மாதம் பொறுங்கள். மக்கள் நடந்து புல் தேய்ந்த தடம் தெரியும். அந்தத் தடத்தின் மேல் பாதை போடுங்கள்.

பொது நிலம் யார் பெயரில் இருக்கும், யார் புல் வெட்டுவார், பணம் எங்கிருந்து வரும் என்ற மூன்றும் முதல் மனை விற்கும் முன் பத்திரத்தில் ஏற வேண்டும். பூங்கா நிலம் நிறுவனத்தின் பெயரிலேயே இருந்தால் பத்தாண்டு கழித்து அதில் கட்டடம் எழும் ஆபத்து உண்டு. உள்ளாட்சிக்கோ குடியிருப்போர் சங்கத்துக்கோ எழுதிக்கொடுத்து, வேறு பயன்பாட்டுக்கு மாற்றக் கூடாது என்ற நிபந்தனையையும் சேருங்கள். பக்கத்து மனைப்பிரிவோடு இணையும் பாதைக்கும் உரிமை எழுதி வாங்குங்கள். வரைபடத்தில் பாதை எல்லை வரை போகும், நிலத்தில் இரண்டு பக்கமும் சுவர் நிற்கும், நடுவில் விடுபடும் அந்த ஒரு மீட்டரால் பேருந்து நிறுத்தத்துக்கு ஒரு கிலோமீட்டர் சுற்ற நேரும்.

பராமரிப்புக்கு ஆண்டுக்கு நான்கு முறை போதும். மழைக்கு முன் வாய்க்கால் வாய்களைச் சுத்தம் செய்வது, முதல் கனமழை முடிந்த மறுநாள் முழுப் பாதையையும் நடந்து எங்கே தண்ணீர் கோடு போட்டிருக்கிறது என்று பார்ப்பது, மழை முடிந்ததும் அரித்த இடத்தில் பொடிக்கல் நிரப்புவது, வெயில் காலத்தில் இளங்கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது. இவற்றில் மறுநாள் நடையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். விரல் அகலக் கோடாக இருக்கும்போது மண்வெட்டியால் ஓரத்தில் ஒரு வாய் வெட்டிவிட்டால் பத்து நிமிடத்தில் முடியும் வேலை. அடுத்த மழைக்கு விட்டால் முழங்கால் ஆழப் பள்ளம், அதற்கு லாரி வேண்டும்.